முழங்கால் மண்ணைத் தொடும்வரை

கெரினா தீவு
மார்ச் மாதம், குளிர் விட்டுப் படகுகள் கடலில் இறங்கிய வாரம்

நிகாண்டர் மாமாவுக்கு மிர்தோ எழுதுவது.

உங்களுக்கு இனி எழுதுவதே இல்லை என்று இருந்தேன். என் கல்யாணத்துக்குத் தாய்மாமன் வரவில்லை. வராததற்கு நீங்கள் சொல்லி அனுப்பிய காரணத்தை நினைத்து இந்தத் தீவே இன்னும் சிரிக்கிறது. "நீரோ பாடிக்கொண்டிருந்தார், அரங்கத்தின் கதவுகளைப் பூட்டிவிட்டார்கள், வெளியே வர முடியவில்லை." என் மாமியார் அதைச் சொல்லிச் சொல்லியே இரண்டு விருந்துகளை நடத்தி முடித்துவிட்டார். இரண்டு வருடங்களாக நான் பேசாமல் இருந்ததற்குக் காரணம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். இப்போது எழுதுகிறேன் என்றால் வேறு வழியில்லை என்று அர்த்தம்.

நீரோ இங்கே வந்திருக்கிறார்.

அதாவது, நான்தான் நீரோ என்று ஒருவன் வந்திருக்கிறான். போன மாதம் புயலில் ஒதுங்கிய கப்பலிலிருந்து யாழும் கையுமாக இறங்கினான். படையை விட்டு ஓடிவந்த சிப்பாய்கள் சிலர் கூடவே இருக்கிறார்கள். ரோமில் தான் செத்ததாகச் சொன்னது பொய்யாம், வேறொரு பிணத்தை எரித்தார்களாம், இவன் தப்பி வந்தானாம். இங்கிருந்து படகுகளைச் சேர்த்துக்கொண்டு சிரியாவுக்குப் போய், அங்கே இருக்கும் பெரும்படையைக் கூட்டிக்கொண்டு ரோமைத் திரும்பப் பிடிக்கப் போகிறானாம்.

என் வீட்டுக்காரரும் நம் படகோடு அவன் பின்னால் போகிறேன் என்கிறார்.

அர்க்கியாஸ் முட்டாள் இல்லை, மாமா. அதுதான் என் கஷ்டம். கொரிந்து பக்கம் நடந்த இஸ்துமியா போட்டியில் நீரோ பாடியபோது அவர் அங்கே நின்றவர். பிறகு கிரேக்க நாட்டுக்கே வரி இல்லை, விடுதலை என்று நீரோ தன் வாயால் அறிவித்ததையும் காதால் கேட்டவர். இங்கே எந்த விருந்தானாலும் அந்தக் கதையைச் சொல்வார். "முழங்கையால வேர்வைய வழிச்சு விட்டாருப்பா, துடுப்பு போடுறவன் மாதிரி! அந்த மனுசன் நம்மள விடுதலை பண்ணினாரு" என்று. இப்போது வந்திருக்கும் பேரரசர்கள் அந்த விடுதலையைத் திரும்பப் பிடுங்கிக்கொள்வார்கள் என்று துறைமுகமெல்லாம் பேச்சு. அதனால்தான் போகிறேன் என்கிறார். போனால் திரும்ப மாட்டார். அது எனக்கு என் பெயர் போலத் தெரியும்.

நீங்கள் நீரோவுக்குக் கைதட்டியே பிழைத்தவர். எத்தனையோ வருடம் அவர் முகத்தைப் பார்த்தவர். சுற்றி வளைக்காமல் ஒரு கேள்விக்குப் பதில் எழுதுங்கள். இவன் அவர் இல்லை என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

மிர்தோ


கொரிந்து, பிலின்னாவின் மதுக்கடை மாடி
மார்ச் மாதம். இன்று காலை நிலவரப்படி ரோமில் பேரரசர் ஒத்தோ. மாலைக்கு நான் பொறுப்பில்லை

என் உடன்பிறந்தாளின் ஒரே மகளும், கோபம் வந்தால் ஏகேயக் கடலையே கொதிக்க வைத்து மீன்களை வெந்த பதத்தில் கரையேற்றக் கூடியவளுமான மிர்தோவுக்கு, பத்தாயிரம் கைகளின் தளபதியும் உன் ஒரே மாமனுமான நிகாண்டர் ஆசி கூறி எழுதுவது.

உன் கடிதம் வந்த அன்று கொரிந்து நகரத்து நாய்களெல்லாம் எழுந்து நின்றன. பிலின்னா கேட்டாள், "யாருய்யா, கடன்காரனா?" "மருமகள்" என்றேன். "அப்ப கதவ தொறந்து வையி" என்றாள். நீ பார்க்காவிட்டாலும் அவள் உனக்கு அத்தைதான்.

முதலில் கல்யாண விவகாரம். அரங்கத்தின் கதவுகளைப் பூட்டினார்கள் என்றேன், பூட்டினார்கள். நீரோ பாடும்போது எவனும் வெளியேறக் கூடாது. என் பக்கத்து வரிசைக்காரன் செத்தவன் போல விழுந்தான், பாடையில் வைத்துத் தூக்கிப் போனார்கள், வாசல் தாண்டியதும் எழுந்து ஓடினான். அந்த யுக்தியைப் பார்த்து அடுத்து நான் விழுவதற்குள் எனக்கு முன்னால் பாதி அரங்கம் செத்துவிட்டது. பாடைகள் தீர்ந்துபோயின. எட்டாள் உயர மதில் ஏறிக் குதிக்கவும் துணிந்தேன். மதிலின் உச்சியில் ஏற்கெனவே ஆறு செனட்டர்கள் தொங்கிக்கொண்டிருந்தார்கள், பெரிய மனிதர்களை மிதித்துக்கொண்டு போவது மரியாதை இல்லையே என்று இறங்கிவிட்டேன். நம்பினால் நம்பு.

இனி உன் கேள்வி. எங்கள் கைதட்டும் படையைப் பற்றி உனக்குத் தெரிய வேண்டும். ஐயாயிரம் பேர், தலை நிறைய எண்ணெய் மின்னும் முடி, வெள்ளைப் பட்டு. மூன்று விதமாகத் தட்டுவோம். உள்ளங்கையைக் குவித்து ரீங்காரம் போல எழுப்புவது 'தேனீ'. கையைக் குழித்து, மழை கூரையில் விழுவது போலத் தட்டுவது 'ஓடு'. தட்டைக் கையால் பளீரென்று அறைவது 'செங்கல்'. ஓட்டுப் பிரிவின் இடது வரிசைக்கு நானே தலைவன். நெயாப்பொலி நகரத்தில் நாங்கள் தட்டிய தட்டில் அரங்கமே ஆடியது. அன்றைக்கு நிலநடுக்கம் வந்ததாகச் சிலர் சொல்கிறார்கள். பொறாமைக்காரர்கள்.

நீரோவின் அடையாளங்கள் இவை. காளையின் கழுத்து. வைக்கோல் நிற முடி, படிப்படியாக வாரிய அலைகள். பானை வயிறு, அதைத் தாங்கக் கொக்குக் கால்கள். கண் மங்கல், இடுக்கித்தான் பார்ப்பார். குரல் சன்னமாக, கொஞ்சம் கம்மலாக இருக்கும். அந்தக் குரலுக்காக நெஞ்சின் மேல் ஈயத் தகட்டை வைத்துக்கொண்டு மல்லாந்து படுப்பார். சில நாள் ரொட்டியைத் தொடாமல் வெங்காயத்தாளை எண்ணெயில் போட்டுத் தின்பார். அந்த வாசனைக்கு முன் வரிசைப் பெண்கள் மயங்கி விழுவார்கள், நாங்கள் அதையும் பாட்டின் கணக்கில் சேர்த்துத் தட்டிவிடுவோம்.

தவிர, அவர் செத்துவிட்டார், பெண்ணே. அவரை வளர்த்த தாதிகளே சாம்பலை எடுத்துக் கல்லறையில் வைத்தார்கள். ஆகவே உன் தீவில் இருப்பவன் போலி. இதை அர்க்கியாஸிடம் என் பெயரைச் சொல்லிப் படித்துக் காட்டு, போதும். நிகாண்டரின் சொல்லுக்கு ஏழு கடல்களிலும் மதிப்பு உண்டு.

உன் மாமன்


கெரினா தீவு
ஏப்ரல் பிறந்துவிட்டது

மாமா,

படித்துக் காட்டினேன். மதிலில் தொங்கிய செனட்டர்கள் வரை வந்ததும் அர்க்கியாஸ் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "ஏ மிர்தோ, உங்க மாமா பேச்ச நம்பி மத்தி மீன் கூட வாங்க முடியாது. அந்த ஆளு செத்துட்டாருன்னு இவரு சொல்றாருன்னா, உசுரோடதான் இருக்காருன்னு அர்த்தம்!" என்றார். ஏழு கடல்களில் உங்கள் சொல்லின் மதிப்பு இது.

நீங்கள் எழுதிய அடையாளங்கள் அத்தனையும் இவனிடம் இருக்கின்றன. உங்கள் கடிதத்தைப் பார்த்துச் செய்தது போல. கழுத்து, முடி, வயிறு, இடுக்கிய கண். குரலும் கம்மல்தான். வெங்காயத்தாள்கூடத் தின்கிறான். எல்லோரும் கேட்ட கதையை அவனும் கேட்டிருக்க மாட்டானா?

அவன் செய்வதைக் கேளுங்கள். மது புளித்திருந்தது என்று ஊற்றியவளைக் கயிற்றால் அடித்தான். கூட்டமாய்ப் பார்த்தவர்கள் "பாத்தியா, கோவம்! அவரேதான்" என்றார்கள். போன வாரம் கடற்கரையில் திமோனின் குடிசைக்குத் தீ வைக்கச் சொல்லி, அது எரிய எரிய எதிரில் நின்று யாழ் வாசித்தான். திமோன் ஒப்பாரி வைப்பான் என்று ஓடினேன். அவனோ நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நிற்கிறான். "ரோமையே எரிச்ச கை, மிர்தோ! என் குடிசைய எரிச்சிருக்கு. யாருக்குக் கிடைக்கும்?" என்கிறான். இவர்களிடம் நான் என்ன பேச?

அர்க்கியாஸுக்கு மட்டும் அந்தத் தீயைப் பார்த்து முகம் வாடியது. ஆனால் அன்று மாலையே அவன் ஒரு கதை சொன்னான், இவர் மனது மாறிவிட்டது. கெங்கிரேயா துறைமுகத்தில் தான் பாடியபோது, கப்பலோடு துள்ளி வருமே அந்த ஓங்கில் மீன் ஒன்று வாலை ஊன்றிக் கடலில் எழுந்து நின்று கேட்டதாம். பாட்டு முடிந்ததும் அழுததாம். தன் தங்கக் கரண்டியால் அதற்கு அத்திப்பழக் கூழ் ஊட்டினானாம். "அங்க இருந்தவனுக்குத்தானே இது தெரியும்? நானே கொரிந்துல ஒரு கடையில இத கேட்டிருக்கேன்" என்கிறார் அர்க்கியாஸ்.

படகுக்குத் தார் பூசுகிறார்கள். கடல் சாமி பொசைடன் திருவிழா முடிந்த மறுநாள் புறப்பாடு. இன்னும் இரண்டு வாரம்தான் இருக்கிறது. நான் தடுப்பேன், மாமா. கெஞ்சிப் பார்த்தாயிற்று, இனிக் கெஞ்ச மாட்டேன். படகின் அடியை நானே உடைக்கலாம். உடைத்தால் வேறு படகில் ஏறுவார். அவரே, தன் கண்ணால் பார்த்து, வேண்டாம் என்று சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் வாழ்நாள் முழுதும் நான் அவருடைய நீரோவைத் தடுத்தவளாகவே இருப்பேன்.

எனக்குச் செனட்டர் வேண்டாம், பாடை வேண்டாம். ஒரே ஒரு உண்மையை அனுப்புங்கள். நீங்களே கண்ணால் பார்த்ததாக, ஊரில் ஒருவரும் கதையாகச் சொல்லாததாக. அப்படி ஒன்று உங்களிடம் இருக்கிறதா?

மிர்தோ


கொரிந்து
ஏப்ரல் மாதம். உன் கடிதம் வந்த அதே நாள், மை காயும் முன்

மிர்தோ,

அந்த ஓங்கில் என்னுடையது!

என் சொந்த ஓங்கில், பெண்ணே! இந்த மதுக்கடையில், அடுப்புப் பக்கத்து மேசையில், போன கோடையில் நான் பெற்றுப் போட்டது. ஒரு எகிப்திய வியாபாரி ஒரு கிண்ணம் வாங்கிக் கொடுத்தான், ஓங்கில் வந்தது. இரண்டாவது கிண்ணத்துக்கு அது அழுதது. கரண்டியைத் தங்கமாக்கியது பிலின்னா. "வெள்ளின்னா யாருய்யா வாயப் பொளப்பா" என்றாள். அந்த அயோக்கியன் என் பிள்ளையைத் திருடி அங்கே தன் பெயரில் உலவ விட்டிருக்கிறான். நடக்காத ஒன்றை நினைவிருக்கிறது என்கிறானே, இதைவிடச் சாட்சி வேண்டுமா என்று துள்ளிக் குதித்தேன்.

பிலின்னா ஒரே கேள்வியில் என்னை உட்கார வைத்தாள். "நீதான் கட்டிவிட்டன்னு சொன்னா எவன்யா நம்புவான்?"

நம்ப மாட்டார்கள். அர்க்கியாஸ் சிரிப்பான். அதனால் ஓங்கிலை விடு.

உன் கடிதத்தை மறுபடி படித்தேன். அடிக்கிறான், எரிக்கிறான், எரியும்போது வாசிக்கிறான். மிர்தோ, அவன் நீரோவைப் போல நடிக்கவில்லை. நாங்கள் சொன்ன நீரோவைப் போல நடிக்கிறான். மதுக்கடைகளில் வளர்ந்த நீரோ அது. ரோம் எரிந்ததை நானே பதினேழு தினுசில் சொல்லியிருக்கிறேன், ஒவ்வொன்றிலும் அவர் கையில் ஒரு யாழ் இருக்கும். எரிந்தபோது நான் நெயாப்பொலியில் பல்வலியோடு படுத்திருந்தேன். அவர் ஊரிலேயே இல்லை என்றும், ஓடிவந்து வீடிழந்தவர்களுக்குத் தன் தோட்டங்களைத் திறந்துவிட்டார் என்றும் பிற்பாடு கேள்விப்பட்டேன். தீ வைத்தது அவரா? எனக்குத் தெரியாது. தெரிந்தவனை நான் இன்னும் சந்திக்கவில்லை.

நல்லவர் என்று நான் சொல்வதாக நினைக்காதே. தன்னைப் பெற்றவளைக் கொன்றார். அதில் நான் ஒரு சொல் கூட்டியதும் இல்லை, குறைத்ததும் இல்லை. அந்தப் பேச்சை அவர் காதுபட யாரும் எடுத்ததில்லை. அவரும் எடுத்ததில்லை.

இப்போது நீ கேட்ட ஒன்று. இதை நான் எந்தக் கடையிலும் சொன்னதில்லை. ஏன் என்றால், சொன்னால் ஒருவனும் கிண்ணம் வாங்கித் தர மாட்டான். அவ்வளவு சப்பென்று இருக்கும்.

அவர் நடுவர்களுக்குப் பயப்படுவார்.

மேடை ஏறினால் அவர் பேரரசர் இல்லை, போட்டிக்கு வந்த ஒரு பாடகர். பாடுகிறவனுக்கு என்ன விதியோ அத்தனையும் அவருக்கும் உண்டு. களைத்தாலும் உட்கார மாட்டார். எச்சில் துப்ப மாட்டார், தொண்டையைச் செருமக்கூட மாட்டார். துணியால் முகம் துடைக்க மாட்டார். வேர்வையை முழங்கையால்தான் வழிப்பார். உன் புருஷன் பார்த்தானே, அதேதான். பாட்டு முடிந்ததும் நடுவர்களைப் பார்த்து ஒரு காலை மடித்து மண்டியிடுவார். கையைத் தூக்கிக் கூட்டத்தை வணங்குவார். பிறகு அப்படியே காத்திருப்பார். நடுங்கிக்கொண்டு. நான் பத்தடி தூரத்திலிருந்து பார்த்திருக்கிறேன். அந்தக் கொக்குக் கால் நடுங்கும். உள்ளூர் எண்ணெய் வியாபாரி ஒருவன் நடுவராக உட்கார்ந்திருப்பான். உலகத்தை ஆள்கிறவர் அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டு மண்ணில் இருப்பார்.

எங்களுக்கு உத்தரவே அதுதான். முழங்கால் மண்ணைத் தொடும்வரை ஒரு கை அசையக் கூடாது. தொட்டதும் ஓடு, பிறகு செங்கல், கடைசியில் தேனீ.

உன் தீவுக்காரன் பாடகர்கள் மண்டியிடுவதைப் பார்த்திருக்கலாம். ஆனால் ஒரு பேரரசன் மண்டியிடுவான் என்று அவனால் நினைக்க முடியாது. நேரில் பார்க்காத ஒருவராலும் முடியாது.

ஆகவே இதைச் செய். திருவிழாவில் பாட்டுப் போட்டி வை. பரிசுக்கு ஓர் ஆலிவ் கிரீடம். எந்தக் கிரீடத்தையும் நீரோ விட்டு வைத்ததில்லை என்பது ஊரறிந்த கதை, அதனால் அவன் மறுக்க முடியாது. நடுவர்களை உட்கார வை. ஊர்ப் பெண்களைப் பழக்கு: முழங்கால் மண்ணைத் தொட்டால் மட்டும் தட்டு, இல்லாவிட்டால் கல் மாதிரி இரு. அர்க்கியாஸிடம் ஒரு வார்த்தை சொல்லாதே. நான் சொன்னது என்று தெரிந்தால் சிரித்துவிட்டுப் படகேறிவிடுவான். அவன் கண் பார்க்கட்டும்.

கையைக் குழிக்கும்போது விரல்களை ஒட்டி வைத்துக்கொள்ளச் சொல். இடைவெளி இருந்தால் ஓசை வழிந்துவிடும்.

கவனமாக இரு. அவனிடம் வாள்கள் இருக்கின்றன. நான் உன் அம்மாவுக்கு என்ன பதில் சொல்வேன்?

நிகாண்டர்


கெரினா தீவு
ஏப்ரல் மாதம், திருவிழா முடிந்து மூன்றாம் நாள்

மாமா,

அர்க்கியாஸ் வீட்டில் இருக்கிறார். அதை முதலில் எழுதிவிடுகிறேன், நீங்கள் மூச்சு விடலாம்.

நடந்ததைக் கேளுங்கள். பெண்களைப் பழக்குவது கஷ்டமாக இல்லை. மது ஊற்றி அடி வாங்கியவள்தான் முதலில் சம்மதித்தாள். வலை உலர்த்தும் இடத்தில் கூடி, மீன் அலசுவது போல உட்கார்ந்து கைகளைக் குழித்துப் பார்த்தோம். என் மாமியார்கூட வந்தார். "உங்க மாமன் சொன்னதா?" என்றார். ஆமாம் என்றேன். "கதவ பூட்டின மாமனா?" என்றார். ஆமாம் என்றேன். பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "விரல ஒட்டி வைக்கணுமா, விட்டு வைக்கணுமா?" என்றார்.

பொசைடன் கோயில் பூசாரியும், மீன் ஊறல் விற்கும் லைசிஸும், பார்வை மங்கிய படகோட்டி ஒருவரும் நடுவர்கள். கிரீடம் என்றதும் அவன் சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டான். நண்பகல் வெயிலில், கோயில் முற்றத்தில், ஊர் முழுக்கக் கூடியிருந்தது. நம் ஊர் ஆட்கள் இரண்டு பேர் முதலில் பாடினார்கள். பாடி முடித்ததும் வழக்கப்படி நடுவர்களுக்கு மண்டியிட்டார்கள், நாங்கள் தட்டினோம். பிறகு அவன் பாடினான்.

நன்றாகவே பாடினான், மாமா. அது எனக்குப் பயமாக இருந்தது. நடுவில் கையை நீட்டினான். ஒரு சிப்பாய் ஊதாத் துணியைக் கொடுத்தான். அதைக்கொண்டு நெற்றியையும் கழுத்தையும் ஒற்றிக்கொண்டான். நான் அர்க்கியாஸைப் பார்த்தேன். அவர் தலை கொஞ்சம் சாய்ந்தது. வேறொன்றும் இல்லை.

பாட்டு முடிந்தது. அவன் யாழை இறக்கினான், கைகளை விரித்தான், நின்றான்.

ஒரு கை அசையவில்லை. சிப்பாய்கள் மட்டும் தட்டினார்கள். தனியாகக் கேட்டதும் அவர்களும் நிறுத்திவிட்டார்கள். கடல் சத்தம் கேட்டது. அவன் எங்களைப் பார்த்தான், நாங்கள் அவனைப் பார்த்தோம். நான் கைகளை மடியில் கோத்து வைத்துக்கொண்டேன்.

"என்னடா, செவிடுங்களா? தட்டுங்கடா!" என்றான்.

பூசாரி எழுந்தார். "ஐயா, கோச்சுக்கக் கூடாது. பாடி முடிச்சா நடுவருங்களுக்கு ஒரு மண்டி போடணும். இது சாமி போட்டி. எல்லாருக்கும் அதுதான்."

"நானா? மீன் ஊறல் விக்கிறவனுக்கா?"

லைசிஸ் கையைக் கட்டிக்கொண்டு, "நான் எழுந்து போகட்டுங்களா?" என்றார். பூசாரி, "உக்காரு" என்றார்.

அவன் முகம் சிவந்துவிட்டது. "நான் யாருன்னு தெரியுமாடா உங்களுக்கு? பெத்த தாயவே கொன்னவன்டா நான்! உங்கள கொல்ல எவ்ளோ நேரம் ஆகும்?" என்று கத்தினான். பெருமையாகக் கத்தினான், மாமா. மார்பில் தட்டிக்கொண்டு.

அப்போது அர்க்கியாஸ் எழுந்தார். கூட்டத்தை விலக்கிக்கொண்டு முற்றத்தின் நடுவுக்கே போனார். சிப்பாய்கள் வாளில் கை வைத்தார்கள். நானும் எழுந்து அவர் பின்னால் போய் நின்றேன்; எனக்குப் பின்னால் அடி வாங்கியவள், அவளுக்குப் பின்னால் என் மாமியார். அர்க்கியாஸ் சத்தமே போடவில்லை.

"நான் இஸ்துமியாவுல பார்த்தவரு முழங்கையால வேர்வைய வழிச்சாரு. அப்புறம் மண்டி போட்டாரு. நம்மள மாதிரி ஒரு எண்ணெய்க்காரன் முன்னாடி. நீ அவரு இல்ல."

துறைமுகத்துக்கு இறங்கினார். நம் படகின் சுக்கானைக் கழற்றினார். அதைத் தோளில் வைத்துக்கொண்டு ஊர் நடுவே வீட்டுக்கு நடந்து வந்தார். சிப்பாய்கள் பார்த்துக்கொண்டே நின்றார்கள். ஊர் முழுவதையும் வெட்டிவிட்டால் பிறகு படகை யார் ஓட்டுவது?

அன்று வீட்டில் கேட்டேன், "மண்டி போட்டாருன்னு என்கிட்ட நீங்க சொன்னதே இல்லையே?" அவர் சுக்கானைச் சுவரில் சாத்திவிட்டுச் சொன்னார்: "வெக்கமா இருந்துச்சு. நமக்கு விடுதலை கொடுத்தவரு, மண்ணுல மண்டி போட்டாருன்னு எப்படிச் சொல்றது? கதையில அத விட்டுட்டேன்." நீங்கள் கூட்டிச் சொன்னீர்கள், இவர் குறைத்துச் சொல்லியிருக்கிறார்.

எல்லோரும் திருந்திவிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். மூன்று படகுகள் அவனோடு போய்விட்டன. திமோனும் போனான். "மண்டி போட மாட்டேன்னாரு பாரு, அதுலயே தெரியல? அவருதான் நீரோ!" என்று சொல்லிவிட்டுப் போனான்.

நான் நினைத்ததைச் செய்துவிட்டேன். ஆனால் அர்க்கியாஸ் மூன்று நாட்களாகக் கடலுக்குப் போகவில்லை. இன்று காலை வலை பின்னிக்கொண்டே, "உங்க மாமாவ ஒன்னு கேளு" என்றார். "அவரு நெசமாவே செத்துட்டாரா?" சிரிக்காமல் கேட்டார், மாமா. நீங்களும் சிரிக்காமல் எழுதுங்கள்.

எனக்கும் ஒன்று. அந்தக் கதவு, உண்மையாகவே பூட்டியிருந்ததா?

மிர்தோ


கொரிந்து
மே மாதம்

அர்க்கியாஸுக்கும் மிர்தோவுக்கும்,

ஆம், அர்க்கியாஸ். இறந்துவிட்டார்.

ரோமுக்கு வெளியே, ஒரு பழைய வேலைக்காரனின் வீட்டில். எல்லோரும் கைவிட்ட பிறகு, குதிரைக் குளம்புச் சத்தம் கேட்டபோது, கத்தியைத் தன் கழுத்தில் வைத்துக்கொண்டார்; கை தயங்கியது, இன்னொருவன் உதவினான். எங்கள் ஐயாயிரம் பேரில் ஒருவரும் அங்கே இல்லை. பாதி ரோம் சந்தோஷத்தில் தெருவில் ஆடியது. மீதிப் பாதியில் யாரோ இன்றைக்கும் கல்லறையில் பூ வைக்கிறார்கள். இதில் நான் எதையும் சேர்க்கவில்லை.

இன்னொரு செய்தி. உங்கள் தீவை விட்டுப் போன மூன்று படகுகளைப் புது ஆளுநரின் கப்பல்கள் மறித்தன. அவனைக் கொன்றார்கள். கூட இருந்தவர்களும் தப்பவில்லை. திமோனின் வீட்டாருக்கு நீங்கள்தான் சொல்ல வேண்டியிருக்கும். அந்தப் போலியின் தலையை ஊர் ஊராகக் காட்டிக்கொண்டு போனார்கள், கொரிந்துக்கும் வந்தது. சந்தையில் பெரும் கூட்டம். "நிகாண்டரண்ணே, நீங்க பக்கத்துல பார்த்தவரு, சொல்லுங்க, அவருதானே?" என்று என்னை முன்னால் தள்ளினார்கள். ஒரு வாரத்துக்குக் கிண்ணம் வாங்கித் தரத் தயாராக நின்ற கூட்டம் அது. இல்லை என்றேன். யாரோ ஒரு ஏழை, நல்ல குரல் இருந்திருக்கும் என்றேன். ஏமாந்து கலைந்தார்கள். மாலைக்குள் பக்கத்துக் கடையில் ஒருவன், வெட்டிய தலை பாடியதாகச் சொல்லிக்கொண்டிருந்தான். நான் எழுந்து வந்துவிட்டேன்.

அந்தச் சுக்கான் உன் வீட்டுச் சுவரில் சாய்ந்திருப்பதை நினைத்துக்கொள்கிறேன், அர்க்கியாஸ். அதற்கு நான் தேனீ தட்ட மாட்டேன், ஓடு தட்ட மாட்டேன். செங்கல்தான். கை சிவக்கத் தட்டுவேன்.

மிர்தோ, கதவு பூட்டியிருந்தது. செனட்டர்கள் பொய், மதில் பொய், பாடை கொஞ்சம் பொய். கதவு மெய். அன்று பாடி முடித்து அவர் மண்டியிட்டார்; நான் தட்டினேன்; தட்டிக்கொண்டே, இந்நேரம் உன் தலையில் கல்யாண முக்காடு போட்டிருப்பார்கள் என்று எண்ணினேன்.

இங்கே எனக்குக் கதை வற்றிவிட்டது. பிலின்னா கடையை அவள் தங்கையிடம் விட்டுவிட்டு ஒரு மாதம் கடற்காற்று வாங்கலாம் என்கிறாள். உங்கள் படகு சும்மாதானே கிடக்கிறது. சுக்கானை மாட்டிக்கொண்டு கெங்கிரேயாவுக்கு வந்து எங்களை ஏற்றிக்கொள்ளச் சொல், அர்க்கியாஸை.

கல்யாண விருந்துக்குத்தான் வருகிறேன். இரண்டு வருடம் தாமதம், அவ்வளவுதான். வாசலில் உன் மாமியார் நின்று ஏதாவது கேட்டால், உள்ளே விடும்வரை ஒரு காலை மடித்துக் காத்திருப்பேன்.

நிகாண்டர்